யிங்கா ஷோனிபாரேயின் தலையில்லா உருவங்களும் மெழுகுத் துணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க அடையாளம் பற்றிப் பேசும் இன்றைய கலைஞர்களில் யிங்கா ஷோனிபாரேயின் படைப்பு பார்த்தவுடன் தெரிந்துவிடும். பழைய ஐரோப்பியப் பிரபுக்களின் உடை, அதில் கண்ணைப் பறிக்கும் ‘ஆப்பிரிக்க’த் துணி, கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. எளிதில் தெரிவதாலேயே தவறாகவும் படிக்கப்படுகிறது. கலை மாணவர்களும் ஆசிரியர்களும் ஜவுளி ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

யார் இவர்?

1962இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் நைஜீரியாவின் யோருபா மக்கள். மூன்று வயதில் குடும்பத்தோடு லாகோஸ் போனார். வீட்டில் யோருபா, பள்ளியில் ஆங்கிலம். பதின்ம வயதின் முடிவில், கலை படிக்க லண்டன் திரும்பியிருந்த காலத்தில், தண்டுவட அழற்சி தாக்கி உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. அதன் பிறகே பையம் ஷா கலைப்பள்ளியிலும், கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் முதுநிலைப் படிப்பும் (1991) முடித்தார். 2004இல் பிரித்தானியாவின் தற்காலக் கலைக்கான டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தார். 2013இல் ராயல் அகாடமி உறுப்பினர் ஆனார்.

பிரித்தானிய அரசு கொடுத்த எம்.பி.இ. பட்டத்தை மறுக்காமல் வாங்கி, பெயரோடு ஒட்டி எழுதத் தொடங்கினார். ‘பிரித்தானியப் பேரரசின்’ பட்டம் பேரரசைக் கேலி செய்பவரின் பெயரில் தொங்குவது அவருக்குப் பிடித்த முரண். 2019இல் அது சி.பி.இ. ஆக உயர்ந்தது. பழைய நூல்களில் எம்.பி.இ. என்று இருக்கும், இப்போது எழுதுபவர்கள் சி.பி.இ. என்றே எழுத வேண்டும்.

துணியைக் கையில் எடுத்தது எப்படி?

பையம் ஷாவில் படித்தபோது சோவியத் ஒன்றியத்தின் பெரெஸ்த்ரோய்க்கா சீர்திருத்தத்தைப் பற்றி ஏதோ செய்துகொண்டிருந்தார். ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, அசலான ஆப்பிரிக்கக் கலையை ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். லாகோஸில் தொலைக்காட்சி பார்த்து, லண்டனில் கலை படித்தவருக்கு ‘அசல்’ என்பது எது? அந்தக் கேள்வியோடு தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் சந்தைக்குப் போனார். அங்கே ஆப்பிரிக்கத் துணி என்று விற்கப்பட்ட மெழுகுத் துணியின் பூர்வீகத்தை விசாரித்தால், அது நெதர்லாந்தில் அச்சிடப்பட்டது, ஜாவாவைப் பார்த்துச் செய்தது என்று தெரிந்தது. இதற்குமேல் அவருக்கு வேறு பொருள் தேவைப்படவில்லை.

இந்தத் துணியில் அவர் செய்த முதல் முக்கியப் படைப்பு ‘டபிள் டச்’ (1994). 50 சிறு சட்டங்களில் ஓவியத் துணிக்குப் பதிலாக மெழுகுத் துணியை இழுத்துக் கட்டி, மேலே வண்ணம் தீட்டி, இளஞ்சிவப்புச் சுவரில் வரிசையாக மாட்டினார்.

அப்படியென்றால் அந்தத் துணி ஆப்பிரிக்காவுடையது இல்லையா?

‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் பாதிதான் சரி. ஜாவாவில் பெண்கள் சூடான மெழுகைக் கையால் வரைந்து, சாயத்தில் தோய்த்து, பாத்திக் என்ற துணியைச் செய்தார்கள். அதைத் தீவை ஆண்ட டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் போலி செய்து, ஜாவாவிலேயே மலிவாக விற்கக் கணக்குப் போட்டார்கள். 1846இல் ஹெல்மண்ட் நகரில் ஃபென்டெனர் வான் வ்லிஸிங்கன் தொடங்கிய ஆலைதான் பின்னாளில் வ்லிஸ்கோ துணி நிறுவனம் ஆனது. ஹார்லெமில் பிரெவினேரின் ஆலை, பணத்தாள் அச்சிடும் இயந்திரத்தை மாற்றியமைத்துத் மெழுகுக்குப் பதிலாகத் துணியின் இருபுறமும் பிசின் பூசும் வழியைக் கண்டது.

கணக்கு தப்பியது. பிசின் குளிர்ந்ததும் வெடித்தது. வெடிப்பு வழியே சாயம் உள்ளே போய் மெல்லிய நரம்புக் கோடுகளாகத் தங்கியது. ஜாவாக்காரர்களுக்கு அது கைவேலையின் குறை. போதாததற்கு அங்கேயே செம்பு அச்சு வைத்து மெழுகு குத்தும் முறை பரவி, உள்ளூர் பாத்திக்கின் விலையும் இறங்கிவிட்டது. சரக்கு தேங்கியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பிரவுன் ஃபிளெமிங் என்ற ஸ்காட்லாந்து வணிகர் இதே துணியைக் கோல்ட் கோஸ்ட்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, அனுப்பினார். அங்கே அந்த நரம்புக் கோடுகள்தான் பிடித்துப்போயின. ஒரு கஜம் இன்னொரு கஜம் போல இருக்காது என்பது அங்கே சிறப்பு.

டச்சுப் படையில் சேர்ந்து ஜாவா போன கானா வீரர்கள் பாத்திக்கை ஊருக்குக் கொண்டுவந்ததால்தான் இந்த ருசி வந்தது என்றும் சொல்வார்கள். வீரர்கள் போனது உண்மை, 1831 முதல் 1872 வரை சுமார் 3,000 பேர். அவர்களால்தான் சந்தை உருவானது என்பதை வரலாற்றாளர்கள் பலர் ஏற்பதில்லை.

இனி மறுபாதி. எந்த வடிவம் ஓடும், எது ஓடாது என்பதை முடிவுசெய்தவர்கள் சந்தைப் பெண்கள். டோகோவின் லோமே நகரில் மொத்த வியாபாரம் செய்து மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கியதால் ‘நானா பென்ஸ்’ என்றே பெயர் பெற்றவர்கள் அவர்கள். ஆலை எண் போட்டு அனுப்பிய வடிவங்களுக்குப் பெயர் வைத்ததும் இந்தச் சந்தைகள்தான். திறந்த கூண்டும் பறக்கும் பறவைகளும் உள்ள துணிக்கு ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’ என்று பெயர்; கட்டியிருக்கும் மனைவி கணவனிடம் வாய் திறக்க வேண்டாம். ‘என் சக்களத்தியின் கண்’, ‘என் கணவர் வல்லவர்’ என்றெல்லாம் உண்டு. வரைந்தது ஹெல்மண்டில், பொருள் பிறந்தது லோமேயில்.

மெழுகுத் துணி எப்படிச் செய்யப்படுகிறது?

பெயரில்தான் மெழுகு, ஆலையில் பயன்படுவது பிசின். வெளுத்த பருத்தித் துணியை, வடிவம் செதுக்கிய இரண்டு செம்பு உருளைகளுக்கு நடுவே விட்டு, உருக்கிய பிசினை இருபுறமும் ஒரே இடத்தில் விழும்படி அச்சிடுவார்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பின்பக்கம் வேறு படமாகிவிடும். பிசின் ஆறியதும் துணியைக் கயிறு போலச் சுருட்டி நெருக்கி வெடிப்பு விழ வைப்பார்கள். பிறகு நீலச்சாயத் தொட்டி. பிசின் இருக்கும் இடம் வெள்ளையாக நிற்கும், வெடிப்பில் நீலம் கசியும்.

அடுத்தது பிசினைக் கழுவுவது. முழுவதும் கழுவிவிடாமல் கொஞ்சம் விடுவதும் உண்டு. ஒட்டிக்கொண்டிருக்கும் துளிகள் அடுத்த நிறத்தையும் தடுத்து, கொப்புளம் போன்ற புள்ளிகளைத் தரும். இரண்டாவது, மூன்றாவது நிறங்களை முன்பு கையால் அச்சுக்கட்டை வைத்துக் குத்தினார்கள், இப்போது பெரும்பாலும் இயந்திரம். கட்டை எவ்வளவு கவனமாக வைத்தாலும் நீலக் கோட்டைவிட்டு மஞ்சள் சற்றே விலகும். அந்த விலகல் வேண்டும். அச்சுப் பிசகாமல் பொருந்திய துணியைப் பார்த்தால் வாங்குபவர் சந்தேகப்படுவார்.

கடையில் அசலையும் போலியையும் பிரிப்பது எப்படி?

முதலில் திருப்பிப் பாருங்கள். அசலில் எது முன், எது பின் என்று சொல்ல முடியாது. ஒருபக்கம் மட்டும் அச்சிட்ட துணியில் (வியாபாரிகள் இதை ‘ஃபேன்ஸி’ என்பார்கள்) பின்பக்கம் வெளிறியிருக்கும்.

இருபுறமும் அச்சிடும் போலியும் வந்துவிட்டது. அதற்கு வெடிப்புக் கோடுகளைத்தான் பார்க்க வேண்டும். வடிவம் திரும்ப வரும் இரண்டு இடங்களை மடித்து அருகருகே வையுங்கள். அசலில் படம் ஒன்றாக இருக்கும், நரம்புக் கோடுகள் வேறுவேறாக ஓடும். போலியில் கோடும் படத்தின் பகுதியாகவே வரையப்பட்டது என்பதால், உருளை ஒரு சுற்று சுற்றியதும், பெரும்பாலும் 64 செ.மீ.க்கு ஒருமுறை, அதே கோடு அதே இடத்தில் வரும். இந்தச் சோதனையை ஏமாற்றுவது கடினம்.

துணியின் ஓரக்கரையில் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். கரையை மட்டும் நம்ப வேண்டாம், ‘டச்சு வேக்ஸ்’ என்ற எழுத்தையும் சேர்த்தே அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். பாலியஸ்டர் கலப்பா என்று தெரிய ஒரு நூலை உருவிப் பற்றவையுங்கள்: பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

விற்பனை அளவு 6 கஜம், அதாவது சுமார் 5.5 மீட்டர். நம் புடவையின் நீளம்தான். அகலம் 46 முதல் 48 அங்குலம். முதல் சில துவைப்புகளில் நீலம் கழன்று வரும், தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். புதுத்துணியின் பளபளப்பும் விறைப்பும் கஞ்சியால் வந்தவை, துவைத்தால் போய்விடும். தைப்பதற்காக வாங்குபவர்கள் 100 செ.மீ.க்கு 5 செ.மீ. சுருக்கம் என்று கூட்டி வாங்கினால் கையைக் கடிக்காது.

அங்காரா, கிட்டெங்கே, காங்கா எல்லாம் இதே துணிதானா?

நைஜீரியாவில் அங்காரா, கிழக்கு ஆப்பிரிக்காவில் கிட்டெங்கே, ஜாம்பியாவில் சிட்டெங்கே, பிரெஞ்சு பேசும் நாடுகளில் பான்ய. ஏறக்குறைய ஒரே வகைத் துணிதான். காங்கா வேறு: சுற்றிலும் கரை, நடுவில் படம், கீழே சுவாஹிலி மொழியில் ஒரு வாசகம், ஜோடியாக விற்பனை. அதில் பிசின் வேலை கிடையாது.

உருவங்களுக்கு ஏன் தலை இல்லை?

பிரெஞ்சுப் புரட்சியில் தலைவெட்டப் பயன்பட்ட கில்லட்டின் இயந்திரம்தான் முதல் காரணம். பிரபுக்களின் உடையைப் போட்டுவிட்டு அவர்களின் தலையை எடுத்துவிட்டார். அவரே இதை ஒரு நகைச்சுவையாகத்தான் பேசுவார்.

இரண்டாவது பயன் இன்னும் முக்கியம். முகம் இல்லாவிட்டால் இனத்தைச் சொல்ல முடியாது. கைகளின் நிறத்தையும் கறுப்பு, வெள்ளை என்று வகைப்படுத்த முடியாத ஒரு மங்கல் பழுப்பில் வைக்கிறார். பார்ப்பவருக்கு மிஞ்சுவது உடையும் நிற்கும் தோரணையும் மட்டும். ‘இவர்கள் யார்?’ என்று தேடும் கண் கடைசியில் துணியில் வந்து நிற்கிறது, துணியோ மூன்று கண்டங்களைக் காட்டுகிறது. பிற்காலத்து உருவங்கள் பலவற்றில் தலை இருக்கும் இடத்தில் பூமி உருண்டையை வைத்தார். எங்களுக்கு வெறும் கழுத்தே மேல். உருண்டை பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

ஆப்பிரிக்காவைப் பங்குபோடும் மேசைப் படைப்பைப் பற்றி?

‘ஸ்கிராம்பிள் ஃபார் ஆப்பிரிக்கா’ (2003). நீண்ட மேசை, 14 நாற்காலிகள், 14 தலையில்லா ஆண்கள். மேசைப் பலகையில் ஆப்பிரிக்காவின் வரைபடம். மொத்த நீளம் 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1884 நவம்பர் 15 முதல் 1885 பிப்ரவரி 26 வரை ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கூட்டிய பெர்லின் மாநாடுதான் களம். 14 அரசுகள் வந்தன, ஆப்பிரிக்கர் ஒருவரும் அழைக்கப்படவில்லை.

கைகளைப் பாருங்கள். ஒருவர் மேசையைக் குத்துகிறார், ஒருவர் சுட்டுகிறார், ஒருவர் சாய்ந்து கை விரிக்கிறார். தலையில்லாமலேயே பேராசையின் அத்தனை பாவங்களும் வந்துவிடுகின்றன. இவர்கள் போட்டிருக்கும் கோட்டு ஐரோப்பியத் தையல். துணி, ஆப்பிரிக்கர்களுக்கு விற்பதற்காக ஐரோப்பா அச்சிட்டது. பங்குபோட வந்தவர்கள் சந்தையையே உடுத்தியிருக்கிறார்கள்.

வகுப்பில் இதை விளக்கும்போது ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. இன்றைய எல்லைகள் எல்லாம் அந்த மேசையில் கோடு போட்டு வரையப்பட்டவை அல்ல. காங்கோ, நைஜர் ஆறுகளில் வணிகம், கடற்கரையில் புதிதாக உரிமை கோருவதற்கான விதிகள் ஆகியவற்றையே மாநாடு வகுத்தது. பெரும்பாலான எல்லைகள் பின்னர் இருதரப்பு ஒப்பந்தங்களில் வந்தன. ஷோனிபாரே வரலாற்றுப் படம் காட்டவில்லை, நாடகம் போடுகிறார்.

‘தி ஸ்விங்’ படைப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

மூலம் பிரெஞ்சு ஓவியர் ஃபிராகோனார் 1767 வாக்கில் வரைந்த ஓவியம்: இளம்பெண் ஊஞ்சலாடுகிறாள், செருப்பு பறக்கிறது, கீழே புதருக்குள் காதலன், பின்னால் ஊஞ்சலை ஆட்டும் முதியவர். 2001இல் ஷோனிபாரே இதை முப்பரிமாணமாக்கியபோது இரண்டு ஆண்களையும் நீக்கிவிட்டார். பார்வையாளர் நிற்கும் இடமே காதலனின் இடம். பாவாடையின் உள்ளே பார்ப்பது யார் என்ற சங்கடம் நம் தலையில் விழுகிறது. துணியை நெருங்கிப் பார்த்தால் ஷனெல் என்ற பிரெஞ்சு ஆடம்பர உடை நிறுவனத்தின் சின்னத்தைப் போலிசெய்த அச்சு தெரியும். பிரபுக்களின் ஆடம்பரமும் சந்தையின் போலி ஆடம்பரமும் ஒரே உடையில்.

தையல்காரர்கள் கேட்பதற்கான பதிலும் இங்கேயே. 18ஆம் நூற்றாண்டின் அங்கிகள் பட்டுக்காக வெட்டப்பட்டவை. பட்டு வழுக்கி விழும். கஞ்சிபோட்ட மெழுகுத் துணி விறைத்து நிற்கும். ஆகவே மடிப்புகள் கூர்மையாக, காகிதம் மடித்ததுபோல வரும். பின்புறம் முழுநீள மடிப்பு வைத்த அங்கிக்கு ஒரு 6 கஜத் துண்டு போதாது. அதிலும் பெரிய வட்ட வடிவம் உள்ள துணி என்றால், மார்பின் நடுவில் வட்டம் உட்கார வைக்கவும் இரு கைகளிலும் படம் ஒத்துவரவும் நிறைய வீணாகும். அவருடைய உடைகளில் ஒரே அங்கிக்கு மூன்று, நான்கு வேறு துணிகள் வருவதைக் காணலாம். நிறங்கள் மோதுவது தற்செயல் அல்ல. உள்பாவாடையின் துணியும் மேலங்கியின் துணியும் எவ்வளவு சண்டை போடுகின்றனவோ அவ்வளவு அழகு.

துணி இல்லாத படைப்புகள் உண்டா?

‘ஒரு விக்டோரிய டாண்டியின் நாட்குறிப்பு’ (1998) ஐந்து புகைப்படங்கள் கொண்டது. நாளின் ஐந்து நேரங்கள். பகல் 11 மணிக்குத்தான் கண்விழிக்கும் பகட்டுக்காரர் ஷோனிபாரேயே. சுற்றிலும் பணிவிடை செய்யும் வெள்ளையர்கள். பழைய காலத்தைக் காட்டும் பிரித்தானியக் காலப்படங்களில் கறுப்பினத்தவர் ஓரத்தில் தட்டு ஏந்தி நிற்பார். இங்கே அவர் நடுவில், எல்லாக் கண்களும் அவர்மேல். முதலில் இது அருங்காட்சியகத்தில் தொங்கவில்லை. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. வேலைக்குப் போகிறவர்கள் அதை ஏதோ காலப்படத்தின் விளம்பரம் என்று நினைத்துக் கடந்திருப்பார்கள். நினைக்கட்டும் என்பதுதான் திட்டம்.

புட்டிக்குள் கப்பல் எங்கே இருக்கிறது? உண்மையில் எவ்வளவு பெரிது?

லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் நான்கு பீடங்களில் ஒன்று நான்காம் வில்லியம் மன்னர் சிலைக்காகக் கட்டப்பட்டு, பணம் போதாமல் ஒன்றரை நூற்றாண்டு வெறுமையாகக் கிடந்தது. பிறகு அதில் தற்காலக் கலையை மாற்றி மாற்றி வைக்கத் தொடங்கினார்கள். 2010 மே மாதம் ஷோனிபாரேயின் முறை. 1805இல் டிராஃபல்கர் கடற்போரில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன் இறந்த ‘விக்டரி’ கப்பலின் 30இல் ஒரு பங்கு அளவுப் பிரதி. புட்டி 4.7 மீட்டர் நீளம், 2.8 மீட்டர் விட்டம். 37 பாய்கள், எல்லாம் மெழுகுத் துணி வடிவத்தில்.

அந்தப் போரின் வெற்றி கடலைப் பிரித்தானியாவுக்குத் திறந்துவிட்டது. பேரரசு அதன் வழியே போனது. பேரரசின் வழியே இன்றைய பல்லின லண்டன் வந்தது. நெல்சன் தூணின் அடியிலேயே வைத்து இதைச் சொல்லியிருக்கிறார். 2012 முதல் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கிறது. அங்கேயே வைத்துக்கொள்ளப் பொதுமக்களும் பணம் திரட்டினார்கள்.

இவ்வளவையும் அவரே கையால் செய்கிறாரா?

இல்லை, அப்படிக் காட்டிக்கொண்டதும் இல்லை. யோசனை, ஆராய்ச்சி, வரைபடம், துணித் தேர்வு ஆகியவை அவருடையவை. நாடக உடை தைப்பவர்கள், ஃபைபர் கிளாஸ் வார்ப்பவர்கள், கப்பல் மாதிரி செய்பவர்கள் எனத் தேர்ந்தவர்கள் செய்து தருகிறார்கள். உடல்நிலை ஒரு காரணம். கைவேலையைவிட யோசனையையே படைப்பாகக் கருதும் கருத்துக் கலையின் வழக்கம் இன்னொன்று. ‘கையால் செய்யவில்லையே’ என்ற குறையை ஐரோப்பியச் சிற்பிகள் பலரிடமும் யாரும் கேட்பதில்லை.

நைஜீரியாவின் சொந்தத் துணியை ஏன் எடுக்கவில்லை?

எடுத்திருந்தால் அந்த ஆசிரியர் கேட்ட ‘அசலை’க் கொடுத்ததாகியிருக்கும். யோருபா மக்களிடம் அருமையான துணிகள் உண்டு. குறுகிய பட்டைகளாக நெய்து பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைக்கும் அசோ ஓக்கே ஒன்று. அடிரே இன்னொன்று, அதில் கஞ்சி வைத்துச் செய்யும் வகைதான் மெழுகுத் துணியோடு ஒப்பிட ஏற்றது.

மரவள்ளி மாவைத் துத்தம் கலந்த நீரில் கூழாகக் காய்ச்சுவார்கள். வடிகட்டியதும் கோழி இறகால் துணியின் ஒரு பக்கத்தில் மட்டும் வரைவார்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு அவுரித் தொட்டியில் முக்கி, எடுத்துக் காற்றில் விட்டு, மறுபடி முக்குவார்கள். தொட்டியில் பச்சையாகத் தெரியும் துணி காற்றுப்பட்டதும் நீலமாகும். ஒரே முக்கலில் அடர்நீலம் வராது. நீண்ட நேரம் ஊறவிட்டால் கூழ் இளகி வடிவம் கலங்கும். ஆகவே குறுகிய முக்கல்கள், பல தடவை. கடைசியில் கூழைச் சுரண்டி எடுத்தால் வெள்ளை முழு வெள்ளையாக இராது, வெளிர்நீலமாக இருக்கும். கூழ் மெழுகைப் போல முற்றாகத் தடுக்காது என்பதே காரணம்.

இந்த ‘உள்ளூர்’ அடிரே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செழித்ததும் இறக்குமதியான மில் துணி மலிவாகக் கிடைத்ததால்தான். தூய அசலைத் தேடிப்போனால் இங்கேயும் கப்பல்தான் எதிர்ப்படுகிறது.

இந்தக் கதையில் சென்னைக்கு ஏதாவது பங்கு உண்டா?

ஷோனிபாரேயின் படைப்பில் நேரடியாக இல்லை. மேற்கு ஆப்பிரிக்கத் துணி வரலாற்றில் உண்டு. கட்டம்போட்ட ‘மெட்ராஸ் கைக்குட்டை’ப் பருத்தித் துணி நூற்றாண்டுகளாக நைஜர் ஆற்றுக் கழிமுகத்துக்குப் போனது. அங்கே கலாபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்பார்கள். பிறப்பு, இறப்புச் சடங்குகளில் அதற்கு இடம் உண்டு. கலாபாரிப் பெண்கள் பிளேடாலும் பேனாக்கத்தியாலும் குறிப்பிட்ட நூல்களை மட்டும் அறுத்து உருவி, கட்டத்துக்குள் புதிய வடிவத்தை வரவைப்பார்கள். ‘பெலேட்டே பிட்டே’, வெட்டிய துணி என்று பொருள். ஒரு நூல் தவறாக அறுந்தால் அந்த இடம் பொத்தலாகிவிடும். வெட்டிய பிறகு அதை மெட்ராஸ் துணி என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், அது கலாபாரித் துணி. நைஜீரியாவில் ‘ஜார்ஜ்’ என்று வழங்கும் துணிக்கும் சென்னையின் ஜார்ஜ் கோட்டையால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

அவர்மீது உள்ள விமர்சனம் என்ன?

ஒரே உத்தியை முப்பது ஆண்டுகளாகத் திரும்பச் செய்கிறார் என்பது பரவலான குறை. பாதி நியாயம். காற்றில் படபடக்கும் துணியைப் போல ஃபைபர் கிளாஸில் வார்த்து வண்ணம் தீட்டிய ‘விண்ட் ஸ்கல்ப்ச்சர்’ வரிசை, பல ஆள் உயரத்தில் சதுக்கங்களில் நிற்கிறது. அழகு, ஆனால் பெர்லின் மேசையின் கடுப்பு அதில் இல்லை. இன்னொரு குறை, 54 நாடுகள் உள்ள கண்டத்துக்கு ஒரே துணியை அடையாளமாக்கிவிட்டார் என்பது. அவர் கேலி செய்ய எடுத்ததையே பார்ப்பவர்கள் ‘ஆஹா, ஆப்பிரிக்க நிறங்கள்’ என்று ரசித்துவிட்டுப் போகிறார்கள். பழி யாருடையது என்பது வேறு.

மறுபக்கம், நைஜீரியாவுக்கே திரும்பி லாகோஸிலும் இஜேபு பகுதியில் ஒரு பண்ணையிலும் கலைஞர்கள் தங்கிப் பணியாற்றும் இடங்களை 2022இல் திறந்தார். 2023இல் லீட்ஸ் நகரில் நிறுவிய ‘ஹைபிஸ்கஸ் ரைஸிங்’, காவலர்களின் துன்புறுத்தலுக்கு ஆளாகி 1969இல் ஆற்றில் இறந்த நைஜீரியர் டேவிட் ஒலுவாலேயின் நினைவுக்கு எழுந்த மாபெரும் செம்பருத்தி. உத்தி பழையது, அந்த இடத்தில் அது வேறு குரலில் பேசுகிறது.

எங்கே பார்க்கலாம்?

வெளியில் நிரந்தரமாக இருப்பவற்றை நம்பிப் போகலாம்: கிரீனிச்சின் கப்பல், லீட்ஸின் செம்பருத்தி, வாஷிங்டனில் தேசிய ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் வாசலில் ‘விண்ட் ஸ்கல்ப்ச்சர் 7’. ‘தி ஸ்விங்’ லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம், ஆனால் எப்போதும் காட்சியில் இராது. துணிக்கு வெளிச்சம் பகை. ஜவுளிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) என்பதுதான் அருங்காட்சியக வழக்கம். வீட்டு வரவேற்பறை வெளிச்சத்தைவிட மங்கல். சிலகாலம் காட்டினால் சிலகாலம் இருட்டறையில் வைப்பார்கள். போகுமுன் காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் ஷோனிபாரேயின் ‘பிரிட்டிஷ் லைப்ரரி’ படைப்பைப் போலச் செய்து பார்க்க முடியுமா?

முடியும், நல்ல பயிற்சி. 2014இல் செய்த அந்தப் படைப்பில் 6,328 கெட்டி அட்டை நூல்களை மெழுகுத் துணியில் போர்த்தி, முதுகில் தங்க எழுத்தில் பெயர் பொறித்தார்கள்: பிரித்தானியாவுக்கு வந்தேறியவர்கள், அவர்களின் பிள்ளைகள், குடியேற்றத்தை எதிர்த்தவர்களும் கூட.

22 × 14 செ.மீ. நூல், முதுகு 2.5 செ.மீ. என்றால் துணி 36 × 26 செ.மீ. வெட்ட வேண்டும்: இரண்டு அட்டை, முதுகு, கீல் பள்ளத்துக்கு 1 செ.மீ., நாலாபக்கமும் மடிக்க 2 செ.மீ. 118 செ.மீ. அகலமுள்ள 6 கஜத் துண்டில் ஏறத்தாழ 60 நூல்களுக்கு வரும். படத்துக்கு மேல்கீழ் இருந்தால் குறையும்.

துணியை முதலில் அலசி, காயவைத்துத் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் பசையின் ஈரத்தில் சுருங்கி அட்டையை வளைத்துவிடும். நேராகத் துணியில் பசை பூசினால் இழை வழியே ஊறி முன்பக்கம் கறையாகும். மெல்லிய காகிதத்தை மைதாப் பசையால் துணியின் பின்னால் ஒட்டி, ஓர் இரவு பலகைக்கு அடியில் காயவைத்த பிறகு, நூலின் அட்டையில் கெட்டியான வெள்ளைப் பசையை மிக மெல்லிதாகத் தடவி ஒட்டுங்கள். முதுகிலிருந்து தொடங்கி, பிறகு முன், பின். மூலையில் துணியை 45 பாகையில் வெட்டும்போது அட்டை முனையிலிருந்து அட்டையின் தடிமனைப்போல ஒன்றரை மடங்கு விட்டு வெட்ட வேண்டும். ஒட்டி வெட்டினால் முனை வெளியே தெரியும்.

தங்கத்தாள் பொறிக்க அச்சகம் கிடைக்காவிட்டால் தங்க நிற அக்ரிலிக் பேனா போதும். கறுப்பு, அடர்நீலம் ஓடும் பகுதி முதுகில் வரும்படி வெட்டினால் எழுத்து தெரியும். யார் பெயரை எழுதுவது என்பதை மாணவர்கள் தம் ஊருக்கு வந்து சேர்ந்தவர்களை விசாரித்து முடிவு செய்யட்டும். எல்லா முதுகிலும் எழுத வேண்டாம். மூல நூலகத்திலும் பல நூல்கள் பெயரில்லாமல்தான் நிற்கின்றன.